மலையுச்சியிலிருந்து வந்த கம்பி



சென்ற திங்கள் ஒரு நாள் காலை எங்கள் வீட்டு வாசலில் கேபிள்காரர் வந்து நின்றார். இருபத்தைந்து ஆண்டுகளாக, மாதத்தின் முதல் வாரத்தில் தவறாமல் வருபவர் அவர். ஒரு சிறிய அட்டையில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பணம் வாங்கிச் செல்வார். அன்று அவர் பணம் வாங்க வரவில்லை. கம்பியைக் கழற்றிக்கொண்டு போக வந்தார். கல்லூரியில் படிக்கும் என் பெயர்த்தி, தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்தில் விரல் நீளமே உள்ள ஒரு கருவியைச் செருகிவிட்டாள். "இனி நமக்குக் கேபிள் வேண்டியதில்லை, தாத்தா. வேண்டியதை வேண்டியபோது பார்த்துக்கொள்ளலாம்" என்பது அவள் தீர்ப்பு.

கேபிள்காரர் ஏணி வைத்து ஏறி, தென்னை மரத்திலிருந்து எங்கள் மாடிக்கு வந்த கருங்கம்பியைச் சுருட்டினார். இறங்கி வந்ததும், "இந்தத் தெருவில் ஒரு காலத்தில் எனக்கு அறுபது வீடு இருந்தது, ஐயா. இப்போது பதினொரு வீடுதான்" என்றார். என்ன மறுமொழி சொல்வது என்று அறியாமல் நின்றேன்.

நான் வரலாற்று ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பொருள் நம்மை விட்டுப் போகும்போதுதான், அது எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தேன். அது என்னை அமெரிக்க நாட்டின் மலையூர்களுக்கு அழைத்துச் சென்றது. கேபிள் தொலைக்காட்சி வளர்ந்து பெருந்தொழிலானது அந்நாட்டில்தான். அதன் இடத்தை இணையவழிக் காட்சி பிடித்துக்கொண்ட வரலாறு தெளிவாகப் பதிவாகியிருப்பதும் அங்கேதான். அந்த வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தொலைக்காட்சியின் தொடக்க காலத்தில் ஒளிபரப்பு நிலையங்கள் பெருநகரங்களில் மட்டுமே இருந்தன. தொலைக்காட்சி அலைகள் பெரும்பாலும் ஒளியைப் போல நேர்கோட்டில் செல்பவை. மத்திய அலை வானொலியைப் போல நிலத்தைத் தழுவிக்கொண்டு நெடுந்தொலைவு செல்லும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. குறுக்கே ஒரு மலை நின்றால், அதன் மறுபுறத்தில் நிழல் விழுவது போல அங்குள்ள ஊர்களுக்குப் படம் கிட்டாது. பென்சில்வேனியா மாநிலத்தில் நிலக்கரி வெட்டும் தொழிலாளர் வாழ்ந்த பள்ளத்தாக்கு ஊர்கள் பல இந்நிலையில் இருந்தன.

அத்தகைய ஊர்களில் ஒன்று மஹனாய் சிட்டி. அங்கே ஜான் வால்சன் என்பவர் வீட்டுச் சாதனங்கள் விற்கும் கடை வைத்திருந்தார். தொலைக்காட்சிப் பெட்டிகளைத் தருவித்தார், வாங்குவார் இல்லை. படம் தெரியாத பெட்டியை யார் வாங்குவார்? ஆகவே அவர் அருகிலிருந்த மலையின் மேல் ஆன்டெனா ஒன்றை நட்டு, அங்கிருந்து தம் கடைவரை கம்பி இழுத்தார். வழியிலிருந்த வீடுகளுக்கும் இணைப்புக் கொடுத்தார். இது 1948ஆம் ஆண்டில் நடந்தது என்று அவர் பிற்காலத்தில் கூறினார். ஆராய்ச்சியாளர் சிலர் அந்த ஆண்டை ஐயுறுகின்றனர். அதே 1948ஆம் ஆண்டின் இறுதியில், நாட்டின் மறுகோடியில், ஒரிகான் மாநிலத்து அஸ்டோரியா என்னும் ஊரில், எட் பார்சன்ஸ் என்பவர் ஒரு தங்கும் விடுதியின் கூரைமேல் ஆன்டெனா அமைத்து, சியாட்டில் நகரத்து நிலையத்தின் படத்தைப் பிடித்து, அக்கம்பக்கத்தாருக்குப் பகிர்ந்தளித்தார். 1950ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவின் லான்ஸ்ஃபோர்டு என்னும் ஊரில் ராபர்ட் டார்ல்டன் இதை ஒரு முறையான தொழிலாகவே நிறுவினார். அவருக்குக் கருவிகள் செய்து கொடுத்த நிறுவனத்தின் தலைவர் மில்டன் ஷாப், பின்னாளில் அம்மாநிலத்தின் ஆளுநராகவே உயர்ந்தார்.

முதல்வர் யார் என்ற வழக்கு நமக்கு வேண்டியதில்லை. ஒரே காலத்தில், ஒருவரையொருவர் அறியாத பலர், ஒரே செயலைச் செய்தனர் என்பதே நாம் கருதத்தக்கது. தேவை முற்றியிருந்தது என்பதற்கு அதுவே சான்று. அரசின் செயல் ஒன்றும் அத்தேவையைப் பெருக்கியது. நிலையங்களின் அலைகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பியதால், அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1948 முதல் 1952 வரை புதிய நிலையங்களுக்கு உரிமம் வழங்குவதையே நிறுத்தி வைத்திருந்தது. காத்திருந்த சிற்றூர்களுக்குக் கம்பி ஒன்றே வழியாயிற்று. ஆகவே கேபிளின் பிறப்பு, கிட்டாதவர்க்குக் கிட்டச் செய்யும் தொண்டாக அமைந்தது. அது வானத்தில் வந்ததை இறக்கித் தந்ததேயன்றித் தானாக எதையும் படைக்கவில்லை.

இதனால் ஒரு வழக்கு எழுந்தது. "எங்கள் திரைப்படங்களைக் கம்பியில் அனுப்பிப் பணம் பெறுகிறார்கள், எங்களுக்கு உரிமைத் தொகை தரவில்லை" என்று படவுரிமையாளர்கள் முறையிட்டனர். 1968ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேபிளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கேபிள் என்பது பார்ப்பவருடைய ஆன்டெனாவின் நீட்சியே என்பது அத்தீர்ப்பின் சாரம். 1976ஆம் ஆண்டில் சட்டமன்றம் பதிப்புரிமைச் சட்டத்தை மாற்றி, கேபிள் நிறுவனங்களும் தொகை செலுத்த வேண்டும் என்று விதித்தது. இவ்வழக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் எதிரொலியை நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கேட்கப் போகிறோம்.

1970க்குப் பின் கேபிளின் இயல்பே மாறியது. 1972ஆம் ஆண்டு நவம்பரில் எச்.பி.ஓ. என்னும் அலைவரிசை, பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி நகரத்தில் கேபிளுக்கென்றே தொடங்கப்பெற்றது. வான்வழியாக அதைப் பெற முடியாது. மாதக் கட்டணம் செலுத்தியவர்க்கே கிட்டும். 1975ஆம் ஆண்டில் மணிலாவில் முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதிய குத்துச்சண்டையை அந்நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகக் கேபிள் வீடுகளுக்கு வழங்கியது. அன்று முதல், ஓர் ஊரில் செய்த நிகழ்ச்சியை நாடு முழுவதிலும் உள்ள கேபிள் நிலையங்களுக்கு ஒரே நொடியில் அனுப்பலாம் என்பது உறுதியாயிற்று. 1979இல் விளையாட்டுக்கென ஈ.எஸ்.பி.என்., 1980இல் செய்திக்கென சி.என்.என்., 1981இல் இசைக்கென எம்.டி.வி. என்று அலைவரிசைகள் பெருகின. மலையூருக்கு உதவ வந்த கம்பி, படம் நன்றாகத் தெரியும் மாநகரத்து வீடுகளிலும் நுழைந்தது.

மாணவ நண்பர்களே, இங்கே கேபிளின் பொருளாதாரத்தைச் சிறிது விளக்க வேண்டும். உணவகத்தில் முழுச் சாப்பாடு வாங்குகிறோம். இலையில் பத்து வகைகள் வைக்கிறார்கள். நாம் நான்கைத்தான் உண்கிறோம். ஆயினும் பத்துக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறோம். கேபிளும் அவ்வாறே. ஒவ்வோர் அலைவரிசையும் வீட்டுக்கு இவ்வளவு என்று கேபிள் நிறுவனத்திடம் பணம் பெற்றது. நிறுவனம் அவற்றையெல்லாம் ஒரே தொகுப்பாகக் கட்டி வீட்டாரிடம் விற்றது. விளையாட்டையே பார்க்காத மூதாட்டியும் விளையாட்டு அலைவரிசைக்குப் பணம் செலுத்தினாள். இம்முறையில் நன்மையும் உண்டு. சிலரே பார்க்கும் சிறிய அலைவரிசைகள், பலரும் செலுத்திய தொகையால் உயிர் வாழ்ந்தன. ஆனால் அலைவரிசைகள் பெருகப் பெருகத் தொகையும் பெருகியது. கேபிள் கட்டணம் பொதுவான விலைவாசியைக் காட்டிலும் விரைவாக ஏறியதைத் தகவல் தொடர்பு ஆணையத்தின் அறிக்கைகளே காட்டின. படத்தை விடுவித்துத் தரும் பெட்டியையும் நிறுவனத்திடமே வாடகைக்கு வாங்க வேண்டியிருந்தது. 2015ஆம் ஆண்டில் செனட் உறுப்பினர் இருவர் விசாரித்து வெளியிட்ட கணக்கின்படி, அந்த வாடகை மட்டும் சராசரியாக ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 231 டாலர். பெரும்பாலான ஊர்களில் கேபிள் நிறுவனம் ஒன்றே இருந்தது. பிடிக்கவில்லையென்றால் மாறிச் செல்ல வேறிடம் இல்லை.

இந்நிலையில் புதியவன் வந்தான். 1997ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் நெட்ஃபிளிக்ஸ் என்னும் நிறுவனம் தோன்றியது. படங்கள் பதிந்த வட்டத் தகடுகளை அஞ்சலில் அனுப்பி வாடகை பெறுவதே அதன் முதல் தொழில். 2005ஆம் ஆண்டில் யூடியூப் தொடங்கியது. 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நெட்ஃபிளிக்ஸ், தகடு இல்லாமல் இணையத்தின் வழியாகவே படம் காட்டத் தொடங்கியது. அக்காலத்தில் அதைக் கணினியின் முன் அமர்ந்துதான் பார்க்க வேண்டும். 2008ஆம் ஆண்டில் ரோக்கு என்னும் சிறிய பெட்டி வந்தது. அது இணையத்தையும் கூடத்திலிருந்த தொலைக்காட்சியையும் இணைத்தது. 2013ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் 35 டாலர் விலையில் விரலளவுள்ள கருவி ஒன்றை வெளியிட்டது. என் பெயர்த்தி செருகியது அதன் வழிவந்த கருவியே.

இந்தக் கருவி செய்யும் வேலை என்ன? வானொலி நிலையம் ஒரு சொல்லை ஒருமுறை சொல்கிறது. ஒரு வீடு கேட்டாலும் ஓர் இலட்சம் வீடு கேட்டாலும் நிலையத்துக்குச் செலவு ஒன்றே. இணையவழிக் காட்சி அவ்வாறன்று. பார்க்க விரும்பும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே படம் அனுப்பப்பெறுகிறது. படத்தைச் சில நொடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் உயர்ந்த தரம், நடுத்தரம், தாழ்ந்த தரம் எனப் பல வகையாகச் சேமித்து வைத்திருப்பார்கள். நம் வீட்டு இணையம் விரைவாக இருந்தால் கருவி உயர்ந்த துண்டைக் கேட்கும். மெதுவாக இருந்தால் தாழ்ந்த துண்டைக் கேட்கும். தொலைவிலிருந்து ஒவ்வொரு முறையும் கொணர்வது இயலாதாகையால், பலரும் விரும்பும் படங்களை ஊருக்கருகே உள்ள கணினிகளில் முன்னரே இறக்கி வைப்பார்கள். கேட்பவர் கேட்கும் நேரத்தில் கேட்டதைப் பெறுவது இதனால்தான் இயல்கிறது.

பழைய வழக்கின் எதிரொலியும் இக்காலத்தில் எழுந்தது. ஏரியோ என்னும் நிறுவனம், சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் நாணயத்தைவிடச் சிறிய ஆன்டெனா ஒன்றை ஒதுக்கி, அது பிடிக்கும் ஒளிபரப்பை இணையம் வழியே அனுப்பியது. "நாங்கள் செய்வது வாடகைக்கு ஆன்டெனா கொடுப்பது மட்டுமே" என்பது அதன் வாதம். மலையுச்சியில் ஆன்டெனா நட்டவர்களின் வாதத்துக்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே. ஆனால் 2014ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், ஏரியோ கேபிளைப் போன்றதே. ஆகவே 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்று தீர்ப்பளித்தது. அந்நிறுவனம் வீழ்ந்தது. ஒரு காலத்தில் கேபிளை அடக்கச் செய்த சட்டம், மற்றொரு காலத்தில் கேபிளின் போட்டியாளனை அடக்கியது.

ஆயினும் வெள்ளம் நிற்கவில்லை. அமெரிக்க வீடுகள் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் கேபிளை விட்டு நீங்கின. நீல்சன் என்னும் அளவீட்டு நிறுவனத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டு ஜூலையில் மக்கள் தொலைக்காட்சி பார்த்த நேரத்தில் இணையவழிக் காட்சியின் பங்கு 34.8 விழுக்காடு, கேபிளின் பங்கு 34.4 விழுக்காடு. முதன்முறையாகப் புதியது பழையதை முந்தியது. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் இணையவழிக் காட்சி 44.8 விழுக்காட்டை எட்டி, கேபிளும் வான்வழி ஒளிபரப்பும் சேர்ந்த பங்கையும் கடந்தது.

கதை இங்கே முடிந்துவிட்டது என்று நீங்கள் எண்ணலாம். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆனால் கணக்குகளைக் கூர்ந்து நோக்கியபோது மூன்று உண்மைகள் புலப்பட்டன.

முதலாவது: கம்பி அறுபடவில்லை. அமெரிக்காவில் பல கோடி வீடுகளுக்கு இணையம் வருவது, பழைய கேபிள் நிறுவனம் இழுத்த அதே கம்பியின் வழியாகத்தான். படத்துக்குக் கட்டணம் பெற்றவர் இப்போது இணையத்துக்குக் கட்டணம் பெறுகிறார். கம்பியில் ஓடும் பொருள் மாறியதே தவிர, கம்பியின் உடைமையாளர் மாறவில்லை.

இரண்டாவது: இலைச் சாப்பாடு திரும்பி வந்துவிட்டது. முதலில் ஒரே சேவைக்குச் சிறு தொகை என்றார்கள். பின்னர் ஒவ்வொரு பட நிறுவனமும் தனக்கெனச் சேவை தொடங்கியது. டிஸ்னி 2019ஆம் ஆண்டில் தொடங்கியது. விரும்பும் படங்கள் நான்கு இடங்களில் சிதறின, கட்டணமும் நான்காயிற்று. விளம்பரமே இல்லை என்று பெருமை பேசிய நெட்ஃபிளிக்ஸ், 2022ஆம் ஆண்டு நவம்பரில் விளம்பரத்துடன் கூடிய குறைந்த கட்டணத் திட்டத்தைக் கொணர்ந்தது. 2024ஆம் ஆண்டில் காம்காஸ்ட் என்னும் பெரிய கேபிள் நிறுவனமே, மூன்று இணையவழிச் சேவைகளை ஒன்றாகக் கட்டித் தன் வாடிக்கையாளர்களுக்கு மாதம் 15 டாலருக்கு விற்றது. எந்தக் கட்டிலிருந்து மக்கள் தப்பி ஓடினார்களோ, அந்தக் கட்டு வேறு உருவில் வாசலில் வந்து நின்றது.

மூன்றாவது: விலைப்பட்டியலில் எழுதப்பெறாத சில இழப்புகள் உண்டு. அமெரிக்க ஊராட்சிகள் தங்கள் தெருக்களில் கம்பி இழுக்க இடங்கொடுத்ததற்குப் பதிலாக, கேபிள் வருவாயில் 5 விழுக்காடு வரை கட்டணம் பெற 1984ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. நகர மன்றக் கூட்டங்களையும் பள்ளி நிகழ்ச்சிகளையும் காட்டும் பொது அலைவரிசைகளுக்கு இடம் ஒதுக்குமாறு கேட்கவும் ஊர்களுக்கு உரிமை இருந்தது. தெருவில் கம்பி இழுக்காத இணையவழிச் சேவைகளை இக்கடமைகள் பெரும்பாலும் கட்டுப்படுத்துவதில்லை. 1979ஆம் ஆண்டு முதல் நாடாளுமன்ற நடவடிக்கைகளை வெட்டாமல் காட்டிவரும் சி-ஸ்பான் என்னும் அலைவரிசை, அரசுப் பணம் ஒரு காசும் பெறாமல், கேபிள் வீடுகள் மாதந்தோறும் செலுத்திய சில காசுகளாலேயே நடந்து வந்தது. வீடுகள் குறையக் குறைய அந்த ஊற்றும் குறைந்தது. தன் ஆட்சியாளர் பேசுவதைக் குடிமகன் நேரே காணும் வழி, யாரும் திட்டமிடாமலே நலிந்தது.

இன்னொன்றும் உண்டு. வானொலிப் பெட்டி நாம் என்ன கேட்கிறோம் என்று அறியாது. புதிய கருவிகளோ நாம் எதைப் பார்த்தோம், எங்கே நிறுத்தினோம் என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளக்கூடியவை. 2017ஆம் ஆண்டில் தொலைக்காட்சிப் பெட்டி செய்யும் நிறுவனம் ஒன்று, ஒரு கோடியே பத்து இலட்சம் பெட்டிகளிலிருந்து, உரிய ஒப்புதல் பெறாமல் பார்வைக் குறிப்புகளைத் திரட்டியதாக அமெரிக்க வணிக ஆணையம் வழக்குத் தொடர்ந்தது. நிறுவனம் 22 இலட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. நாம் பெட்டியைப் பார்க்கும்போது பெட்டியும் நம்மைப் பார்க்கிறது என்பதை மறத்தலாகாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். டெல்லியில் 1959ஆம் ஆண்டிலும் சென்னையில் 1975ஆம் ஆண்டிலும் தொலைக்காட்சி தொடங்கியது. நெடுங்காலம் அரசின் ஒளிபரப்பு ஒன்றே இருந்தது. 1991ஆம் ஆண்டின் வளைகுடாப் போர்ச் செய்திகளைச் செயற்கைக்கோள் வழியே கண்ட நம் மக்கள், அதன் சுவையை அறிந்தனர். தெருவுக்கொருவர் மாடியில் வட்டத் தட்டு ஆன்டெனா அமைத்து, மரத்துக்கு மரம், மாடிக்கு மாடி கம்பி இழுத்தனர். 1993ஆம் ஆண்டில் சன் தொலைக்காட்சி வந்தது. 1995ஆம் ஆண்டில்தான் கேபிளுக்கெனச் சட்டம் வந்தது. மஹனாய் சிட்டியின் கடைக்காரர் செய்ததையே நம் தெருவின் கேபிள்காரரும் செய்தார். அவரும் சட்டம் வருவதற்கு முன்னே வந்தவர்; அக்கம்பக்கத்தாரை நம்பித் தொழில் செய்தவர்; மழையில் படம் போனால் இரவிலும் ஏணியோடு வந்தவர். 2016ஆம் ஆண்டுக்குப் பின் இணையக் கட்டணம் பெரிதும் குறைந்தபோது, அவருடைய அறுபது வீடு பதினொன்றாகத் தொடங்கியது.

அன்று கம்பியைச் சுருட்டி முடித்தபின் அவருக்கு மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, எங்கள் சன்னல் மேலிருந்த துளையைக் காட்டினார். பழைய கருங்கம்பி நுழைந்த அதே துளையின் வழியே, நூல் போன்ற ஒரு கண்ணாடி இழைக் கம்பி உள்ளே சென்றிருந்தது. பெயர்த்தியின் கருவிக்கு இணையம் தருவது அதுதான். "அதை இழுத்துக் கட்டியவனும் நான்தான், ஐயா. முன்பு எனக்காக இழுத்தேன், இப்போது ஒரு நிறுவனத்துக்குக் கூலிக்கு இழுக்கிறேன்" என்றார்.

என் பெயர்த்தி பெற்ற உரிமை பொய்யன்று. விரும்பியதை விரும்பிய நேரத்தில் காண்பது பெரிய வசதியே. அதை வேண்டாமென்று சொல்ல எனக்கு மனமில்லை. பழைய கேபிள் முறையின் குறைகளையும் உங்களுக்கு மறைக்காமல் சொன்னேன். ஆனால் வரலாறு படித்தவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்வேன். நாளை வேறொரு புதுமை வந்து, இந்தக் கருவியையும் கழற்றி எறியச் சொல்லும். அப்போது, "இது எவ்வளவு புதியது?" என்று மட்டும் கேளாதீர்கள். "இதன் வாயில் யார் கையில் இருக்கிறது? பழையது சுமந்து வந்த பொதுக் கடமைகளை இனி யார் சுமப்பார்?" என்றும் கேளுங்கள். அக்கேள்விகளைக் கேட்கும் குடிமக்கள் இருக்கும் நாட்டில்தான், புதுமை எல்லார்க்கும் பொதுவான நன்மையாக நிலைக்கும்.